எடை இறங்காத மாதங்களில் என்ன செய்வது?

எங்கள் பகுதி உழவர்களின் மாதக் கூட்டத்தில், விதை, இடுபொருள் பற்றிய பேச்சு முடிந்ததும் யாராவது ஒருவர் என்னிடம் வந்து, "மேனேஜர்ங்க, எப்படிங்க இப்படி இளைச்சீங்க? என்னதான் சாப்பிடுறீங்க?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. வங்கி வேலையில் ஓய்வு பெற்றுத் தோட்டத்துக்கு வந்தபோது என் எடை 89 கிலோ. இப்போது 77.

என்ன சாப்பிடுகிறேன் என்பதை ரெண்டு நிமிசத்தில் சொல்லிவிடலாம். ஆனால் இந்த 12 கிலோ இறங்க 22 மாதம் பிடித்தது. அதில் எடை இறங்கிய மாதங்களும் உண்டு, அசையாமல் நின்ற மாதங்களும் உண்டு, ஒரு கிலோ ஏறிய மாதங்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்வி, அந்த மாதங்களில் விட்டுவிடாமல் எப்படித் தாக்குப்பிடித்தீர்கள் என்பதுதான். எண்ணெயைக் குறைக்கணும், நடக்கணும் என்பது யாருக்குத் தெரியாது? மூணாவது மாதம் ஏன் கைவிட்டுப் போகிறது என்பதுதான் புரிவதில்லை.

நான் மருத்துவன் இல்லை. 34 ஆண்டு கணக்குப் பார்த்தவன். அந்தக் கண்ணோட்டத்தில் படித்ததையும் பார்த்ததையும் எழுதுகிறேன்.

எதற்காக என்று முதலில் எழுதுங்கள்

"ஆரோக்கியமா இருக்கணும்" என்பது காரணம் ஆகாது. அது எல்லோருக்கும் பொதுவான ஆசை. ராத்திரி பசிக்கும்போது அந்த ஆசை நம் கையைப் பிடித்து நிறுத்தாது. காரணம் என்பது தினமும் கண்ணில் படுகிற ஒன்றாக இருக்க வேண்டும்.

என் பெரியண்ணனுக்குச் சர்க்கரை முற்றி, காலில் புண் ஆறாமல், மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. மண்ணை மோந்து பார்த்தே ஈரம் சொல்லும் மனுசன், இன்று ஆறு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு எச்பிஏ1சி என்கிற மூன்று மாதச் சராசரி 6.3 என்று வந்தபோது, மருத்துவர் "இன்னும் சர்க்கரை நோய் இல்லை, ஆனா வாசல்ல நிக்குறீங்க" என்றார். 5.7 முதல் 6.4 வரை அந்த வாசல்தான். 6.5 வந்தால் உள்ளே போனதாகக் கணக்கு.

அன்றைக்கு நான் நோட்டில் எழுதிய காரணம் ஒரே வரி: "70 வயசிலும் தென்னைக்கடியில் குந்தி உட்கார்ந்து களை பறித்து, கையை ஊன்றாமல் எழ வேண்டும்." இது தினமும் சோதிக்கக்கூடிய காரணம். ஆள் கிடைக்காத காலத்தில், நம் உடம்பு போனால் இயற்கை வேளாண்மையும் போச்சு. களைக்கொல்லி அடிக்க அரை நாள் ஆள் போதும். கையால் களை எடுக்க, மூடாக்கு போட, மாட்டைப் பார்க்க, நாம் நிற்க வேண்டும்.

இலக்கையும் சின்னதாக வையுங்கள். அமெரிக்காவில் சர்க்கரையின் வாசலில் நின்ற 3,234 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2002இல் வெளிவந்தது. அதில் உணவும் நடையும் மாற்றிய குழுவுக்கு வைத்த இலக்கு உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி. அவ்வளவுதான். அந்தக் குழுவில் புதிதாகச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 89 கிலோவில் 7 சதவீதம் என்றால் 6 கிலோ சொச்சம். 20 கிலோ குறைக்கணும் என்று மலைத்து நிற்பதைவிட, 6 கிலோ என்று தொடங்குவது நடக்கிற காரியம்.

முழங்காலுக்கும் இதே கணக்கு. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த ஓர் ஆய்வில், உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலில் விழும் சுமை சுமார் 4 கிலோ குறைவது தெரிந்தது. 6 கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடிக்கும் அரை மூட்டைச் சுமை இறங்குகிறது.

ஏன் முதலில் வேகமாக இறங்கி, பிறகு நிற்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாததால்தான் பலர் கைவிடுகிறார்கள். உடம்பு மாவுச்சத்தின் ஒரு பகுதியைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் ஈரலிலும் தசையிலும் கையிருப்பாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் கரைவது இந்தக் கையிருப்புதான். அதோடு தண்ணீரும் போய்விடும். முதல் ஆறு வாரத்தில் எனக்கு மூன்றரைக் கிலோ இறங்கியது. அதில் கணிசமான பங்கு தண்ணீர். கொழுப்பு அவ்வளவு வேகமாகக் கரையாது.

கொழுப்பின் கணக்கு இது. உடம்பில் சேர்ந்த 1 கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. தினம் 300 கலோரி குறைத்தால் 1 கிலோ கரைய 25 நாளுக்கு மேல் ஆகும். "மாதம் 5 கிலோ குறையும்" என்று விளம்பரம் செய்கிறார்களே, அதற்குத் தினம் கிட்டத்தட்ட 1,300 கலோரி குறைக்க வேண்டும். நாள் முழுக்கச் சாப்பிடுவதில் பாதிக்கு மேல் அது. அப்படி யாராலும் வருசக்கணக்கில் இருக்க முடியாது.

இன்னொன்றும் நடக்கிறது. உடம்பு சின்னதாக ஆக, அதற்கான செலவும் சின்னதாகிறது. 89 கிலோவைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆகும் சக்தி 81 கிலோவுக்கு ஆகாது. இது போக, சாப்பாடு குறைந்ததைப் பார்த்து உடம்பும் கொஞ்சம் கையை இறுக்கிக்கொள்ளும். அதனால் முதல் மாதம் எடையைக் குறைத்த அதே சாப்பாடு, ஏழாவது மாதம் எடையை அப்படியே நிறுத்தி வைக்கும். நாம் எதையும் கெடுக்கவில்லை. கணக்கு சமன் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு 81 கிலோவில் 11 வாரம் நின்றது. ரசாயனத்திலிருந்து மாறிய நிலத்தை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சான்றிதழ் விதியிலேயே ஆண்டுப் பயிர்களுக்கு 2 ஆண்டு, பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 ஆண்டு என மாறும் காலம் வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் விளைச்சலை மட்டும் பார்த்தவர்கள் திரும்ப யூரியாவுக்கே போனார்கள். மண்ணைக் கையில் அள்ளி மண்புழு இருக்கிறதா என்று பார்த்தவர்கள் நிலைத்தார்கள். உடம்பிலும் எடையைத் தவிர வேறு அடையாளங்களைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

நம்ம விளைச்சலுக்கும் கலோரி உண்டு

நம் இயக்கத்தவர்களிடம் இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். ஆனாலும் சொல்கிறேன். நஞ்சில்லாத உணவு நல்லது. ஆனால் நஞ்சில்லை என்பதால் கலோரி இல்லாமல் போகாது.

சமைக்காத அரிசி 100 கிராமில் சுமார் 350 கலோரி. ராகி, கம்பு, தினை, சாமை, வரகு எல்லாம் 320க்கும் 360க்கும் இடையில்தான் வரும். மாப்பிள்ளைச் சம்பாவும் இந்தக் கணக்கில் அரிசிதான். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், தீட்டாமல் முழுசாகச் சமைத்தால் சர்க்கரை மெதுவாக ஏறும், சீக்கிரம் வயிறு நிறையும். அந்தப் பலன் அளவாகச் சாப்பிட்டால்தான். கம்மஞ்சோறு உடம்புக்கு நல்லது என்று இரண்டு மடங்கு சாப்பிட்டால் எடை ஏறத்தான் செய்யும்.

கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையில் மணமும் ருசியும் உண்டு. ஆனால் கலோரி வெள்ளைச் சர்க்கரைக்குக் கிட்டத்தட்டச் சமம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் வீதம் நாலு டீ குடித்தால் 40 கிராம், 150 கலோரி. செக்கு எண்ணெயும் எண்ணெய்தான், கிராமுக்கு 9 கலோரி. களத்தில் காய்கிற நிலக்கடலையை வருகிறபோதும் போகிறபோதும் ஒரு கை அள்ளுகிறோமே, 50 கிராம் பருப்பில் 280 கலோரி இருக்கிறது. அதை ஈடுகட்ட ஒரு மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் எண்ணெய்க்கு ஒரு வழி கண்டுபிடித்தது வீட்டம்மாதான். "ஏனுங்க, தினமும் கரண்டியை எண்ணிக்கிட்டு இருக்க என்னால ஆகாது. கேன்ல தேதி எழுதி வெச்சிருங்க, எத்தனை நாளைக்கு வருதுன்னு பார்த்துக்கலாம்" என்றார். இருவருக்கு மாதம் 3 லிட்டர் ஆகிக்கொண்டிருந்தது. ஆளுக்குத் தினம் 50 மில்லி, அதாவது 400 கலோரிக்கு மேல். அது மெல்ல மெல்ல 2 லிட்டருக்கு வந்தது. சமையல் ருசி குறையவில்லை, பொரிக்கிற நாட்கள்தான் குறைந்தன. இட்டேரி நடையைவிட இந்த ஒரு மாற்றம் எனக்கு அதிகம் உதவியது.

தட்டில் நான் செய்தது இவ்வளவுதான். சோறு ஒரு பங்கு குறைந்தது, காயும் கீரையும் இரண்டு பங்கு கூடின. கொள்ளு, பாசிப்பயறு, தட்டைப்பயறு என்று தினம் இரு வேளை பயறு. ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள். பட்டினி எதுவும் கிடையாது.

எதை எழுதுவது?

வங்கியில் கடன் தவணை கட்டத் திணறுகிற ஆள் வருவார். மொத்த பாக்கியைப் பார்த்தால் அவருக்கு மூச்சு முட்டும். "இந்த மாதத் தவணையை மட்டும் பாருங்க" என்று சொன்னால் கட்டுவார். எடையும் அப்படித்தான். எடை என்பது விளைவு. அது நம் கையில் இல்லை. இன்றைக்கு என்ன செய்தேன் என்பது மட்டும்தான் நம் கையில்.

அதனால் என் நோட்டில் தினம் மூன்று கட்டங்கள். நடந்தேனா? ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்குள் முடிந்ததா? தட்டில் பாதி காய்கறி இருந்ததா? ஆமாம் என்றால் ஒரு டிக். முப்பது விநாடி வேலை. ஒரு வாரத்தில் 21 டிக்கில் 16 வந்துவிட்டால் அந்த வாரம் வெற்றி, எடை மெஷின் என்ன சொன்னாலும் சரி.

நடை என்றால், தோட்டத்தில் சுற்றுவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். "நாள் பூரா காட்டுலதானே கெடக்கறேன்" என்பார்கள். மடை திருப்பிவிட்டு வரப்பில் நிற்பதும், ஆட்களுக்கு வேலை சொல்வதும் நடை ஆகாது. பேச முடியணும், ஆனால் பாட முடியாத அளவு மூச்சு வாங்கணும். அந்த வேகத்தில் அரை மணி நேரம்.

எடையை வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் பாருங்கள். தினமும் பார்த்தால் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து மனசு ஆடும். மாதம் ஒரு முறை தொப்புள் மட்டத்தில் நூல் பிடித்து இடுப்பை அளந்து எழுதுங்கள். நம் நாட்டவர்க்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. என் எடை 81இல் நின்ற அந்த 11 வாரத்தில், இடுப்பு 2 சென்டிமீட்டர் குறைந்தது. நோட்டில் அது இல்லாவிட்டால் எனக்கே தெரிந்திருக்காது.

எடை நின்றாலும் பலன் நிற்பதில்லை என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையில் சர்க்கரையின் வாசலில் இருந்த 531 பேரிடம் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்றாண்டில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிய குழுவில் 39 சதவீதம். இத்தனைக்கும் அவர்களுடைய எடையில் சொல்லும்படியான குறைவு இல்லை! மெஷின் முள் அசையாத நாட்களிலும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. எடை நின்ற வாரங்களில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டது இந்த ஆய்வைத்தான்.

விட்டுப்போன நாள்

வைகாசியில் ஒரே வாரத்தில் மூன்று கல்யாணம், ஒரு கிடா வெட்டு. நாம் ஊரோடு வாழ்கிறவர்கள். போகாமல் இருக்க முடியாது, போகக்கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன். அடுத்த நாள் மெஷினில் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கும். பயப்பட வேண்டாம். 1 கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். ஒரு விருந்தில் அது நடக்காது. கூடியது பெரும்பாலும் உப்பு பிடித்து வைத்த தண்ணீரும், வயிற்றில் இருக்கிற சாப்பாடும். மூன்று நாளில் போய்விடும்.

விருந்தைவிட ஆபத்தானது மறுநாள் வருகிற எண்ணம்: "கெட்டுதான் போச்சு, இனி அடுத்த மாசம் பார்த்துக்கலாம்." ஒரு நாள் நீர் பாய்ச்ச முடியாமல் போனால் யாராவது பயிரை உழுதுவிடுவோமா? லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழு 96 பேரிடம் ஒரு புதிய பழக்கம் ஊன்ற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தது. சராசரியாக 66 நாள். ஆனால் சிலருக்கு 18 நாளிலேயே வந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். அதில் நமக்கு வேண்டிய செய்தி, இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் ஊன்றுவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பது.

அதனால் என் விதி ஒன்றே ஒன்று: ஒரு நாள் விடலாம், தொடர்ந்து இரண்டு நாள் விடக்கூடாது. விருந்துக்கு மறுநாள் பட்டினி கிடந்து பழி தீர்க்கவும் கூடாது. வழக்கமான சாப்பாடு, வழக்கமான நடை.

பந்தியில் மறுக்கவும் ஒரு பக்குவம் வேண்டும். "டயட்ல இருக்கேன்" என்றால் சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் வைத்தியராகிவிடுவார்கள். "போதும் கண்ணு, ருசியா இருந்துச்சு, வயிறு நெறஞ்சிருச்சு" என்று இலையை மடித்துவிட்டால் வம்பில்லை.

நடைக்குத் துணை இருப்பது பெரிய பலம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் காலை ஐந்தரைக்கு இட்டேரியில் நின்று டார்ச் அடிப்பார். மனசு வராத நாட்களில் என்னை எழுப்பியது ஊக்கமோ உறுதியோ இல்லை, அந்த டார்ச் வெளிச்சம்தான். ஊக்கம் மழை மாதிரி, வரும்போது வரும். அதை நம்பி மட்டும் வெள்ளாமை வைக்க முடியாது. துணையும் நோட்டும் நேரமும்தான் கிணற்றுத் தண்ணீர்.

அறுபதைத் தாண்டியவர்கள் கவனிக்க

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. நம் வயதில் தசை போனால் திரும்பச் சேர்ப்பது கஷ்டம், கீழே விழும் அபாயமும் கூடும். அதனால் வேகமாக இளைக்க வேண்டாம். பயறு, மோர், முட்டை, சாப்பிடுபவர்கள் மீன் என்று ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும். வாரம் இரண்டு மூன்று நாள் வலுவுக்கான வேலை வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதே நல்ல தொடக்கம்.

சர்க்கரைக்கு இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன் மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும், அதுவும் ஆள் இல்லாத காட்டில். இரத்த அழுத்த மாத்திரைக்கும் இது பொருந்தும். எதுவும் செய்யாமலே எடை இறங்கினால் மகிழ வேண்டாம், உடனே பரிசோதனை செய்யுங்கள்.

என் உயரம் 168 சென்டிமீட்டர். இந்தியர்களுக்கான பிஎம்ஐ அளவுப்படி 25க்கு மேல் உடல் பருமன். நான் இன்னும் 27இல் இருக்கிறேன். அட்டவணையைக் கேட்டால் இப்போதும் குண்டன்தான். ஆனால் எச்பிஏ1சி 6.3இலிருந்து 5.8க்கு வந்திருக்கிறது, இடுப்பு 104இலிருந்து 95க்கு. கையை ஊன்றாமல் எழ முடிகிறது. கடந்த ஐந்து வாரமாக எடை மறுபடியும் நிற்கிறது. நோட்டில் டிக் விழுந்துகொண்டிருக்கிறது.

தொடங்க நினைப்பவர்கள் ஒரு 20 ரூபாய் நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள். எடை மெஷின் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்.